சைகோன் ஆயாவின் நெத்திலி ஜாடி

எங்கள் தெருவில் சைகோன் ஆயா என்று ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் என் வயதை ஒத்தவர்களுக்கு இப்படி ஒரு ஆயாவையாவது தெரிந்திருக்கும். சிறிய உருவம், கறுப்புக் கால்சட்டை, கழுத்து மூடிய வெள்ளைச் சட்டை, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அவருடைய பெயர் என்னவென்று தெருவில் யாரும் கேட்டதில்லை. தமிழும் பிரெஞ்சும் வியட்நாமிய மொழியும் கலந்து பேசுவார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் என்னிடம் பிரெஞ்சில்தான் பேசுவார். "பெத்தி" என்று கூப்பிடுவார். சின்னவனே என்று அர்த்தம்.

அவர் கணவர் எங்கள் ஊர்க்காரர். இளம் வயதில் கப்பலேறிச் சைகோன் போய், அங்கே அரசாங்க வேலை பார்த்து, 1949-ல் ஓய்வு பெற்று மனைவியோடு திரும்பியவர். நான் பிறந்து இரண்டு வருடத்தில் அவர் இறந்துவிட்டார். "அவரை முதலில் எங்கே பார்த்தீர்கள், ஆயா?" என்று ஒருமுறை கேட்டேன். "சந்தையில். நான் பூ விற்றேன். தினமும் காலையில் டிக்கெட் கொடுக்க வருவார்" என்றார். எனக்குத் தெரிந்த டிக்கெட் சினிமா டிக்கெட் ஒன்றுதான். ஆயாவின் கணவர் சினிமாக் கொட்டகைக்காரர் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டேன். அது என்ன டிக்கெட் என்று தெரிந்துகொள்ள எனக்கு 63 வயது ஆகவேண்டியிருந்தது.

ஆயா வீட்டுச் சமையலில் இரண்டு விஷயங்கள் பிரசித்தம். ஒன்று சாயோ. கொத்திய கறி, இறால், வெங்காயம், மெல்லிய சேமியா எல்லாம் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது. சைகோனில் அரிசித் தாளில் சுருட்டுவார்களாம். இங்கே அது கிடைக்காததால் மைதாவை மெல்லிய தோசை போல வார்த்துச் சுருட்டுவார். என் அம்மா அவரிடம்தான் கற்றுக்கொண்டார். இன்றும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சாயோ உண்டு.

இரண்டாவது, அதற்குத் தொட்டுக்கொள்ளும் நுக்மாம். நெத்திலியையும் உப்பையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஜாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்தால் வடிகிற சாறு. கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய ஜாடி வைத்திருந்தார். 1960 கோடையில் அதன் வாடை தெருவைத் தாண்டிப் போனது. பெரியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய் ஆயாவிடம் முறையிட்டார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். ஆயா பதில் பேசவில்லை. ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வினிகரில் சர்க்கரையும் மிளகாயும் கலந்து கொடுத்தார். "இது சரியில்லை, பெத்தி. ஒரு நாள் அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்" என்பார்.

நம் ஊருக்கும் சைகோனுக்கும் இந்த உறவு எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1859-ல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. 1862 உடன்படிக்கையில் தெற்கு வியட்நாமின் மூன்று மாகாணங்கள் பிரான்சின் கைக்குப் போயின. கொச்சின்சீனா என்று அதற்குப் பெயர். புதிய காலனிக்கு எழுத்தர், காவலர், சுங்கச் சிப்பந்தி, தபால்காரர் எல்லாம் தேவைப்பட்டார்கள். பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சு அலுவலக நடைமுறை தெரிந்த ஆட்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்தார்கள்.

இதற்கு நடுவில் இங்கே ஒரு போராட்டம் நடந்தது. 1873-ல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியருக்கு அந்த உரிமை இல்லை என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பிறகு 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தது. தன் சாதி, மத வழக்கப்படியான சட்டத்தை விட்டுக்கொடுத்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டால் பிரெஞ்சுக்காரருக்குச் சமம் என்றது அந்த ஆணை. இவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். கிறித்தவர்களும், ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதிருந்த ஒடுக்கப்பட்ட மக்களும் இதில் அதிகம். பொன்னுத்தம்பியும் லாபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள்.

அந்தக் கதவு சைகோன் பக்கம் திறந்தது. பிரெஞ்சுக் குடிமகன் என்ற தகுதியோடு அங்கே போனவருக்கு ஓட்டுரிமை இருந்தது. அந்த மண்ணின் பெரும்பாலான மக்களுக்கு அது இல்லை. ஐரோப்பியருக்குள்ள சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்று இவர்கள் வழக்காடவும் செய்தார்கள்.

நான் 1972-ல் எழுத்தராக வேலையில் சேர்ந்தபோது, பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் என்பதால் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் பக்கம் தள்ளிவிட்டார்கள். பூச்சி அரித்த தாள், அழகான சாய்வெழுத்து. தந்தையின் தொழில், வசிப்பிடம் என்ற இடங்களில் சைகோன் திரும்பத் திரும்ப வரும். காவலர், சைகோன். சுங்க எழுத்தர், சைகோன். அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பெருமை வரும். நம் ஆட்கள் கடல் கடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்ற பெருமை.

1981-ல் ஆயா காலமானார். அவருடைய மகன் வந்து சொல்ல, இறப்புப் பதிவை நான்தான் எழுதினேன். மூன்று சொற்கள் கொண்ட அவருடைய முழுப் பெயரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் அவர் கையால் சாப்பிட்டவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு 2013 டிசம்பரில் நானும் மனைவியும் சைகோன் போனோம். 1976 முதல் அதற்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆனாலும் அந்த ஊர்க்காரர்களே பேச்சில் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆயா சொன்ன தெருப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுகூட இல்லை. அவர் பெருமையாகச் சொன்ன கத்தினா வீதி, பிரெஞ்சுக்காரர் போனபின் சுதந்திர வீதி ஆகி, 1975-க்குப் பிறகு தோங் கோய், அதாவது பொதுமக்கள் எழுச்சி வீதி ஆகிவிட்டது. நாமும் துய்ப்ளெக்ஸ் வீதியை நேரு வீதி ஆக்கியவர்கள்தானே. ஆனால் பாஸ்தர் பெயரில் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. 1891-ல் பிரான்சுக்கு வெளியே முதல் பாஸ்தர் ஆய்வகம் சைகோனில்தான் தொடங்கியது. ஊசி போட்டவரை மக்கள் வைத்துக்கொண்டார்கள், படை கொண்டு வந்தவர்களை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

தபால் நிலையத்தில் அரை நாள் இருந்தேன். 1886-ல் தொடங்கி 1891-ல் முடித்த கட்டடம். ஈஃபெல் கட்டியது என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். வரைந்தவர் ஃபூலு என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞர். முகப்பில் ஆம்பேர், வோல்டா, ஃபாரடே என்று மின்சாரம் கண்டவர்களின் பெயர்கள். உள்ளே வளைந்த கூரைக்குக் கீழே, சுவரில் 1892-ஆம் ஆண்டுச் சைகோனின் வரைபடம். மரக் கவுண்டர்களைப் பார்த்ததும், அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஓர் ஓரத்தில் மிக வயதான ஒருவர், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பிறருக்காகப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து என் மகளுக்கு ஓர் அட்டை எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது.

மறுநாள் மாரியம்மன் கோயில். பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் கட்டியது. கோபுரம், சிங்கம், அம்மன் எல்லாம் நம் ஊர்தான். ஆனால் கும்பிடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வியட்நாமியர்களும் சீனர்களும். கைநிறைய ஊதுவத்தி ஏந்தி நிற்கிறார்கள். அம்மனுக்குப் பின்னால் உள்ள கற்சுவரில் நெற்றியை வைத்து, குறையை மெதுவாகச் சொல்கிறார்கள். என் மனைவியும் போய் நெற்றியை வைத்தார். என்ன வேண்டினாய் என்று கேட்டேன். "அதையெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றுவிட்டார். செட்டிநாட்டு நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசலும் அதே நகரின் மையத்தில்தான் இருக்கின்றன. கட்டியவர்கள் போய்விட்டார்கள். விளக்கு எரிகிறது.

மூன்றாம் நாள், கான் ஸோ என்ற அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். நகரத்திலிருந்து தெற்கே, ஆற்றைப் படகில் கடந்து போகவேண்டும். பிச்சாவரத்தைப் பார்த்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நம் பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர். இது 75,000 ஹெக்டேர். அதைவிடப் பெரிய வியப்பு, மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லி மருந்தைத் தெளித்து இந்தக் காட்டைக் கருக்கிவிட்டன. 1978 முதல் மக்கள் சேற்றில் இறங்கிக் கையால் நட்டு வளர்த்தது இன்று நிற்பது. 2000-த்தில் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஒரு குரங்கு வந்து என் மனைவியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. நல்லவேளை, கயிறு கட்டியிருந்தார்.

அன்று இரவு ஒபரா மாளிகையில் கச்சேரி. 1900-ல் திறந்த அரங்கு. 1975 வரை தெற்கு வியட்நாமின் கீழ்சபை இங்கேதான் கூடியது. பிறகு மறுபடியும் இசைக்கு வந்தது. வாசித்தவர்கள் எல்லாரும் வியட்நாமிய இளைஞர்கள். ஒரு பெண் செல்லோவில் சான்-சான்ஸின் 'அன்னம்' வாசித்தாள். எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் தட்டில் போட்டுக் காட்டிய அதே இசை. கண்ணை மூடிக்கொண்டால் 1963-ஆம் வருட வகுப்பறை.

இந்த சான்-சான்ஸ் 1895-ல் வியட்நாமுக்கு வந்தவர். கொன்தாவ் தீவில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கி ஓர் ஒபராவை எழுதி முடித்தார். கடலும் காற்றும் அமைதியும் அவருக்குப் பிடித்திருந்தன. அந்தத் தீவு 1862-லிருந்து பிரெஞ்சுக்காரரின் சிறைத் தீவு. நமக்கு அந்தமான் போல வியட்நாமியருக்கு அது. இரண்டும் ஒரே தீவில், ஒரே மாதத்தில். அந்தப் பெண் வாசித்து முடித்ததும் நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் மனதுக்குள் ஒரு கூழாங்கல் கிடந்து உருண்டது.

விடுதிக்குத் திரும்பினால் உரிமையாளரின் தகப்பனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. அவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நான் பிரெஞ்சு பேசுவதைக் கேட்டுத் தினமும் ஐந்து நிமிடம் பேசுவார். அன்று காபி வரவழைத்தார். டம்ளரின் மேல் வைத்த சிறிய வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும், அடியில் கெட்டியான டின் பால். இறங்கி முடிகிறவரை பேசத்தான் வேண்டும்.

"எந்த ஊர் என்று சொன்னீர்கள், ஐயா?"

"புதுச்சேரி."

அவர் சிரித்தார். "என் அம்மா பென் தான் சந்தையில் கீரை விற்றவர். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தினமும் காசு கொடுத்தார்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சந்தையில் கூடை வைத்து விற்கிற ஒவ்வொரு பெண்ணும் தினசரி வரி கட்டவேண்டும். காலையில் வசூல்காரர் வருவார். காசை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அந்த வேலையில் பெரும்பாலும் இந்தியர்கள்தான். "டிக்கெட் இல்லாவிட்டால் கூடை போய்விடும். தலைப்பாகை தெரிந்தாலே அம்மா என்னைப் பின்னால் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார்" என்றார்.

டிக்கெட். ஐம்பது வருடத்துக்கு முன் ஆயா சொன்ன சொல்.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே சொன்னார்: "கோபம் ஒன்றும் இல்லை, ஐயா. அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள்."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. நானும் 38 வருடம் ரசீது கிழித்தவன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணின் கையில் சில்லறை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு வாம்மா" என்று சொன்ன நாட்கள் உண்டு. நம் ஊரில் காலணி போட்டு நீதிமன்றத்துக்குள் நுழையப் போராடியவர்களின் பிள்ளைகள், அங்கே போய்ப் பூக்காரியிடம் காசு கேட்டு நின்றிருக்கிறார்கள். இரண்டும் நம் சரித்திரம்தான். நாம் முதல் பாதியை மட்டும் ஜூலை 14-ஆம் தேதி பதக்கம் குத்திக்கொண்டு நினைக்கிறோம்.

என் நோட்டில் ஆயாவின் பெயரை எழுதி வைத்திருந்தேன். அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "குறிகள் எங்கே?" என்றார். வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் மேலும் கீழும் சுரக் குறிகள் உண்டு. குறி மாறினால் பொருள் மாறும். எங்கள் பிரெஞ்சுப் பதிவேடுகளில் அவற்றைப் போடும் வழக்கம் இல்லை. நானும் போடவில்லை. "குறி இல்லாமல் இந்தப் பெயர் என்னவென்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

"ஆயா" என்றேன். பாட்டி என்று பொருள் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை சந்தைக்குப் போனோம். இப்போதுள்ள கட்டடம் 1914-ல் திறந்தது. வடக்கு வாசலுக்கு எதிரே உள்ள தெருதான் ஆயா சொன்ன ஸ்பெயின் வீதி, இன்று லே தான் தோன். அந்த வாசலில் இன்றும் பூக்கடைகள் இருக்கின்றன. உள்ளே ஒரு கடையில் சாயோ வாங்கி, கீரையில் சுற்றி, நுக்மாமில் தோய்த்து வாயில் வைத்தேன். மூக்கில் ஏறியது 1960 கோடை. எங்கள் தெரு, எங்கள் சாக்கடை, என் சிரிப்பு. ஆயா சொன்னது சரிதான். வினிகர் சரியில்லை. இதுதான் சரி.

1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே வருடத்தில் ஆயாவின் இரண்டு ஊரிலும் கொடி மாறியது. 1975-ல் சைகோன் விழுந்த மறுநாள், பத்திரிகையை எடுத்து வந்து என்னைப் படிக்கச் சொன்னார். நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்லக் கேட்டார். "சந்தை இருக்கிறதா, பெத்தி?" என்று மட்டும் கேட்டார். பத்திரிகையில் அது இல்லை. இருக்கும் ஆயா என்றேன்.

இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சொல்லத்தான் அவர் இல்லை. மறு வருடம் கல்லறைத் திருநாளுக்கு உப்பளம் கல்லறைக்குப் போய், அவர் கல்லுக்கு மெழுகுவத்தியோடு ஒரு கூடைப் பூவும் வைத்தேன். கல்லில் கணவர் பெயர் முழுதாக இருக்கிறது. கீழே "அவர் மனைவி" என்று மட்டும் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியில் சைகோன் புகைப்படம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து எடுத்து, பின்பக்கம் பெயர்களை எழுதி வையுங்கள். கோட்டுப் போட்டு நிற்கிற தாத்தாவின் பெயர் எப்படியும் எங்காவது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவின் பெயரை யாராவது தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். குறிகளோடு.